தடுத்து ஆடினால் கோழையா? – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தளத்தில் சதுரங்கம், கபடி பற்றி எழுதுவதையெல்லாம் விடாமல் படிக்கிறவன் நான். போக்கிமான் பற்றியும் கேட்கலாம் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எனக்குத் திருப்பத்தூர். வேலை பெங்களூரில், முருகேஷ்பாளையாவில் ஒரு பிஜியில் இருக்கிறேன். ஞாயிறு இரவுகளில் அறைத் தோழர்களும் நானும் போக்கிமான் சண்டை ஆடுகிற ஷோடவுன் தளத்தில் ஏழாம் தலைமுறை (ஏழாவது வரிசை விளையாட்டுகளின்) ஓயூ என்கிற பிரிவில் ஆடுவோம். தங்கவயலில் இருந்து தினமும் ரயிலில் வேலைக்கு வந்துபோகும் என் மாமா பையனும் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்துகொள்வான். எல்லோரும் அடித்து ஆடுகிற டீம் வைத்திருக்கிறார்கள். நான் மட்டும் ஸ்டால், அதாவது தடுத்தே ஆடுகிற டீம். சான்சி, டாக்ஸாபெக்ஸ், ஸ்கார்மரி, குவாக்சைர், அலோமோமோலா, சேபிளை. அடியை வாங்கிக்கொண்டு, விஷம் வைத்து, எச்பியை (உயிர்ப் புள்ளிகளை) ஏற்றிக்கொண்டே இருப்பேன். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

போன வாரம் மாமா பையனுடன் ஒரு ஆட்டம் நூறு டர்னைத் தாண்டிவிட்டது. கடைசியில் என்னிடம் சான்சி மட்டும், அவனிடம் கிளெஃபேபிள் மட்டும். நான் சைஸ்மிக் டாஸ் போட்டு அடித்தால் அவன் சாஃப்ட்பாய்ல்ட் போட்டு எச்பியை ஏற்றிக்கொள்வான். அவன் மூன்பிளாஸ்ட் போட்டு அடித்தால் நானும் சாஃப்ட்பாய்ல்ட் போடுவேன். கடைசியில் “ஆம்பளையா இருந்தா அடிச்சு ஜெயிடா” என்று லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்விட்டான். வெற்றி எனக்குத்தான் வந்தது, ஆனால் மனசு சரியில்லை. தடுத்து ஆடுவது கோழைத்தனமா? டீமை மாற்றிவிடட்டுமா?

ச., பெங்களூரு

அன்புள்ள தம்பி,

கோழைத்தனம் இல்லை. டீமையும் முழுசாக மாற்ற வேண்டாம். ஆனால் அந்தக் கடைசி ஆட்டத்தைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இந்த ஆட்டம் தெரியாத வாசகர்களுக்கு இரண்டு வரி. ஆளுக்கு ஆறு போக்கிமான். ஒவ்வொரு டர்னிலும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரகசியமாக முடிவெடுக்க வேண்டும், அடிப்பதா, ஆளை மாற்றுவதா, வேறு ஏதாவது செய்வதா என்று. இரண்டு முடிவுகளும் சேர்ந்துதான் அந்த டர்ன் நடக்கும். எதிராளி என்ன செய்யப்போகிறான் என்று தெரியாமலே நாம் பதில் சொல்லியாக வேண்டும். தடுத்து ஆடுவதன் கஷ்டம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

உங்கள் டீமை வைத்தே ஒரு டர்னைப் பார்க்கலாம். உங்கள் டாக்ஸாபெக்ஸ் நிற்கிறது, எதிரில் கார்ச்சாம்ப் வருகிறது. டாக்ஸாபெக்ஸ் விஷ வகை, கார்ச்சாம்பின் நில வகை அடியான எர்த்க்வேக் அதன் மேல் இரண்டு மடங்கு விழும். உடனே கை ஸ்கார்மரிக்குத்தான் போகும். அது பறக்கிற வகை, எர்த்க்வேக் அதைத் தொடாது. நல்ல ஸ்விட்ச். ஆனால் இது எதிராளிக்கும் தெரியும். அவன் எர்த்க்வேக் போடாமல் அதே டர்னில் கார்ச்சாம்பை எடுத்துவிட்டு மேக்னஸோனை இறக்கினால்? மேக்னஸோனின் மேக்னெட் புல் எஃகு வகையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்கார்மரி திரும்பி ஓட முடியாது, மின்சாரத்தில் செத்துப்போகும். அது போனால் எர்த்க்வேக்கைத் தொடாமல் வாங்க உங்களிடம் வேறு ஆள் இல்லை. பத்து டர்னில் டீமே சரியும்.

சரி, குவாக்சைரை இறக்கலாமா? அது தண்ணீரும் நிலமும் சேர்ந்த வகை. எர்த்க்வேக் வந்தால் சாதாரண அடிதான், மேக்னஸோன் வந்தால் மின்சாரம் அதன் மேல் ஏறவே ஏறாது. இரண்டுக்கும் பதில் கிடைத்த மாதிரி தெரியும். ஆனால் அந்தச் சாதாரண அடிக்கும் விலை உண்டு. குவாக்சைரின் அன்அவேர் திறன் எதிராளி ஏற்றிக்கொண்ட பலத்தைக் கணக்கிலேயே எடுக்காது. பின்னால் அவன் ஸ்வார்ட்ஸ் டான்ஸ் போட்டு யாரையாவது ஏற்றிக்கொண்டு வரும்போது இந்தக் குவாக்சைர்தான் நிற்க வேண்டும். இப்போதே எச்பியைச் செலவு செய்துவிட்டால் அப்போது யார்? மூன்றாவது வழி, டாக்ஸாபெக்ஸே நின்று ஸ்கால்ட் என்கிற கொதிநீர் அடியைப் போடுவது. எதிரில் அந்த இரண்டில் யார் நின்றாலும் 30 சதவீதம் தீக்காயம் விழ வாய்ப்பு. முழு எச்பியில் இருந்தால் ஒரு எர்த்க்வேக்கை அது பெரும்பாலும் தாங்கும். அடுத்த முறை தாங்காது.

ஒரே ஒரு டர்னுக்கு இவ்வளவு யோசனை. அடித்து ஆடுகிறவர் ஒரு டர்னில் தவறாகக் கணித்தால் ஒரு வாய்ப்பு போகும். தடுத்து ஆடுகிறவர் தவறாகக் கணித்தால் ஒரு ஆள் போகும், அந்த ஆள் பார்த்துக்கொண்டிருந்த வேலையும் போகும். இதை ஐம்பது அறுபது டர்ன் தொடர்ந்து சரியாகச் செய்கிறவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் மாமா பையன் சொன்ன அந்த “ஆம்பளை” வார்த்தையை நான் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. நீங்களும் எடுக்க வேண்டாம்.

அடுத்து, தடுத்து ஆடுவது என்றால் சும்மா நிற்பது என்று பலரும் நினைக்கிறார்கள். டர்னுக்கு டர்ன் ஏறிக்கொண்டே போகும் விஷமான டாக்ஸிக்கின் கணக்கைப் பாருங்கள். 400 எச்பி உள்ள ஒரு ஆளுக்கு முதல் டர்ன் முடிவில் 25 போகும், பிறகு 50, 75, 100, 125. ஐந்து டர்னில் 375. ஆறாவது டர்னின் முடிவை அது தாண்டாது. கையில் லெஃப்ட்ஓவர்ஸ் இருந்து டர்னுக்கு 25 திரும்பக் கிடைத்தாலும் அதே ஆறாவது டர்னில் முடிந்துவிடும். தப்பிக்க ஒரு வழி உண்டு. ஆளை மாற்றி மறுபடி இறக்கினால் விஷம் முதல் படிக்குத் திரும்பும். அங்கேதான் எதிராளியின் பக்கம் கற்களைப் பரப்பி வைக்கும் ஸ்டெல்த் ராக் வேலை செய்கிறது. உள்ளே வரும் ஒவ்வொரு தடவையும் சாதாரண வகைக்கு எட்டில் ஒரு பங்கு எச்பி போகும், சாரிஸார்ட் மாதிரி பாறைக்கு நாலு மடங்கு பயந்தவற்றுக்குப் பாதியே போகும். நின்றால் விஷம், போய் வந்தால் கல். இப்படி எதிராளியின் இரண்டு கதவுகளையும் சாத்துகிற ஆட்டம் இது.

சான்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படைத் தற்காப்பு 5. இந்த விளையாட்டிலேயே அதைவிடக் கம்மி கிடையாது. ஆனால் எச்பி 250. 2010-ல் ஐந்தாம் தலைமுறையோடு ஈவியோலைட் என்கிற கல் வந்தது. இன்னும் ஒரு படி வளர வேண்டியிருக்கிற போக்கிமான் அதை வைத்திருந்தால் இரண்டு தற்காப்புகளும் ஒன்றரை மடங்காகும். வளர்ந்த பிளிஸியைவிட வளராத சான்சி கெட்டியாக நிற்க ஆரம்பித்தது அப்போதுதான். எதிராளி நாக் ஆஃப் என்கிற மூவைப் போட்டு அந்தக் கல்லைத் தட்டிவிட்டால் அது மறுபடி பழைய சான்சிதான். எனக்கு அதை அவ்வளவு பிடிப்பதற்கே இதுதான் காரணம். இவ்வளவு பலமும் ஒரே ஒரு பொருளில் தொங்குகிறது, ஆடுகிறவர் அதை ஆட்டம் முழுக்கக் காப்பாற்றியாக வேண்டும்.

தடுப்பாட்டம் பெரிய மேடையில் எடுபடாது என்று யாராவது சொன்னால் 2014-ஐச் சொல்லுங்கள். அந்த வருடம் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென் கொரியாவின் செ-ஜுன் பார்க் பட்டம் வென்றார். அது ஒரே நேரத்தில் ஆளுக்கு இரண்டு போக்கிமான் இறங்குகிற ஆட்டம். அவர் டீமில் பாச்சிரிசு என்கிற சின்ன அணில் இருந்தது. ஃபாலோ மீ போட்டு எதிராளியின் அடிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கியாரடோஸுக்கு வர வேண்டிய மின்சாரத்தை வாங்கி, வோல்ட் அப்சார்ப் திறனால் தன் எச்பியை ஏற்றிக்கொள்ளும். ஸ்டால் டீம் இல்லைதான். ஆனால் அடி வாங்குவதே ஒரு திறமை என்று அன்று அரங்கமே பார்த்தது.

இப்போது உங்கள் கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன்.

நான் கண்டீரவா அரங்கில் பெங்களூரு புல்ஸ் கபடி பார்க்கப் போயிருக்கிறேன். புரோ கபடியில் தொடர்ந்து இரண்டு ரெய்டு புள்ளி இல்லாமல் திரும்பினால் மூன்றாவது ரெய்டு ‘டூ ஆர் டை’. புள்ளி எடுக்காவிட்டால் ரெய்டர் அவுட். தடுப்பை அந்த விதி தண்டிக்கவில்லை. ஏழு பேர் சங்கிலி போட்டு நிற்பதை, கணுக்காலைப் பிடிப்பதை யாரும் குறை சொல்வதில்லை. போனேன் வந்தேன் என்று புள்ளிக்கு வழியே தேடாமல் திரும்புவதைத்தான் அது தடுக்கிறது. போக்கிமானிலும் நான் அந்தக் கோட்டைத்தான் பார்க்கிறேன். உங்கள் டர்ன் எதையாவது நகர்த்துகிறதா? நகர்த்தினால் எத்தனை நூறு டர்ன் போனாலும் அது ஆட்டம்தான்.

கிளெஃபேபிளுடன் நீங்கள் எதையும் நகர்த்தவில்லை. அதன் திறன் மேஜிக் கார்ட் என்றுதான் நினைக்கிறேன். ஓயூவில் அதுதான் வழக்கம். அப்படியானால் விஷமும் தீக்காயமும் கல்லும் அதன் எச்பியைக் குறைக்காது. மீதி இருப்பது சைஸ்மிக் டாஸ், அடிக்கு நூறு. முழுசாக வளர்த்த கிளெஃபேபிளின் எச்பி 394. ஒரு சாஃப்ட்பாய்ல்ட்டில் 197 திரும்ப வரும். பிபி (ஒரு மூவை எத்தனை தடவை போடலாம் என்ற எண்ணிக்கை) முழுக்க ஏற்றியிருந்தால் சைஸ்மிக் டாஸ் 32 தடவை, அதாவது மொத்தம் 3,200. அவனிடம் சாஃப்ட்பாய்ல்ட் 16 தடவை. 16 முறை 197 என்றால் 3,152. அதோடு முதலில் இருக்கிற 394. மொத்தம் 3,546. லெஃப்ட்ஓவர்ஸ் வேறு இருந்தால் அது தனி. கணக்கு கட்டவே இல்லை, தம்பி. உங்களால் அதைச் சாய்க்க முடியாது, அவனாலும் ஈவியோலைட் சான்சியை மூன்பிளாஸ்ட்டால் சாய்க்க முடியாது. அவனிடம் பலம் ஏற்றுகிற காம் மைண்ட் இருந்திருந்தால் கதையே வேறாகியிருக்கும்.

அவன் சலித்து எழுந்து போவான் என்பது மட்டும்தான் உங்களிடம் மிச்சமிருந்த வழி. அதை வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் மனசு சரியில்லாமல் போனதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் “டிரா வச்சுக்கலாமா?” என்று கேட்டிருக்க வேண்டும். நண்பர்கள் நாலு பேர் உட்கார்ந்து ஆடுகிற அறையில் அதைவிட மரியாதை வேறு இல்லை. ஷோடவுனே ஆயிரமாவது டர்னில் டிரா என்று முடித்துவிடும். அதுவரை போக வேண்டிய அவசியம் என்ன?

பிபி தீரும்வரை ஆடுவது தப்பா என்று அடுத்துக் கேட்பீர்கள். தப்பில்லை, எண்ணி ஆடினால். அவனிடம் மூன்பிளாஸ்ட் எத்தனை மிச்சம், சாஃப்ட்பாய்ல்ட் எத்தனை மிச்சம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இந்தக் கணக்கில் எனக்கு முன்னால் அவனுக்குத் தீரும் என்று தெரிந்து ஆடினால், அது முதல் தரமான ஸ்டால். எல்லா மூவும் தீர்ந்தவர் ஸ்ட்ரகிள் போட்டாக வேண்டும், நாலாம் தலைமுறையில் இருந்து ஒவ்வொரு ஸ்ட்ரகிளுக்கும் தன் எச்பியில் நாலில் ஒரு பங்கை இழக்க வேண்டும். முடிவில்லாத ஆட்டத்துக்கு விளையாட்டே வைத்த முற்றுப்புள்ளி அது. 2022-ல் வந்த ஒன்பதாம் தலைமுறையில் ரெகவர், சாஃப்ட்பாய்ல்ட் போன்றவற்றின் பிபியைப் பத்தில் இருந்து ஐந்தாகவே குறைத்துவிட்டார்கள். எவ்வளவு ஏற்றினாலும் எட்டுத் தடவைதான். ஸ்டால் ஆடுகிறவர்கள் பலர் புலம்பினார்கள், எனக்கு அந்த மாற்றம் பிடித்தது. ஒவ்வொரு தடவையும் யோசித்துச் செலவு செய்ய வைக்கிறது.

நேரத்தை ஓட்டுவதும் இதோடு சேர்ந்ததுதான். அதிகாரப்பூர்வப் போட்டியில் மொத்தம் 20 நிமிடம், ஆளுக்கு 7 நிமிடம், டர்னுக்கு 45 விநாடி. அங்கே கடிகாரமும் ஆட்டத்தின் பகுதி, இருவருக்கும் சமம். உங்கள் பிஜி அறையில் மூவைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேண்டுமென்றே அழுத்தாமல் உட்கார்ந்திருப்பது அப்படி இல்லை. நீங்கள் அதைச் செய்ததாக எழுதவில்லை. செய்யவும் மாட்டீர்கள்.

டீமுக்கு வருவோம். டாக்ஸாபெக்ஸ், குவாக்சைர், அலோமோமோலா என்று மூன்று தண்ணீர் வகை இருக்கிறது. அலோமோமோலாவை எடுத்துவிட்டு ஒரு சிஸரைச் சேர்த்துப் பாருங்கள். ஸ்வார்ட்ஸ் டான்ஸ், புல்லட் பஞ்ச், ரூஸ்ட், யூ-டர்ன். எச்பி ஏற்றும் ரூஸ்ட் இருப்பதால் அதுவும் நின்று ஆடும், டீமின் குணம் மாறாது. புல்லட் பஞ்ச் எஃகு அடி, அது கிளெஃபேபிளுக்கு இரண்டு மடங்கு விழும். அன்அவேர் கிளெஃபேபிளாக இல்லாதவரை ஸ்வார்ட்ஸ் டான்ஸில் ஏற்றிய பலமும் முழுசாகச் சேரும். அது ஃபிளேம்த்ரோவர் வைத்திருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், சிஸர் நெருப்பில் ஒரு டர்ன்கூட நிற்காது.

முடிந்தால் அடுத்த ஞாயிறு ஒரு ஆட்டம் டீமை மாற்றிக்கொண்டு ஆடுங்கள். உங்கள் ஸ்டாலை மாமா பையன் ஆடட்டும், அவன் டீமை நீங்கள் எடுங்கள். கார்ச்சாம்புக்கு எதிராக டாக்ஸாபெக்ஸோடு அவன் ஒரு டர்ன் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அப்புறம், மேக்னஸோன் சிஸரையும் பிடிக்கும். சிஸர், அடித்துவிட்டு ஆளை மாற்றும் யூ-டர்னைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளும். ஸ்கார்மரிக்கு அந்த வழி இல்லை, அதனால் பிடியில் இருந்து நழுவ விடும் ஷெட் ஷெல்லை அதன் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா