செயப்பாட்டுவினைக்கு மாற்றக் காலத்திற்கொரு வாய்பாடு தேவையா?

ஆங்கிலச் செய்வினை வாக்கியங்களைச் செயப்பாட்டுவினையாக மாற்ற, ஒவ்வொரு காலத்திற்கும் உரிய வாய்பாட்டைத் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். செயப்படுபொருளை எழுவாயாக முன்னால் கொண்டுவந்த பின், முதன்மை வினை செய்வினையில் எந்த வடிவத்தில் இருந்ததோ அந்த வடிவத்தை 'பீ' என்னும் துணைவினைக்குக் கொடுத்துவிட்டு, முதன்மை வினையை அதன் மூன்றாம் வடிவத்தில் அடுத்து எழுதினால் போதும்.

'ஷீ இஸ் ரைட்டிங் எ லெட்டர்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'ரைட்டிங்' என்பதில் உள்ள 'இங்' இப்போது 'பீ'யிடம் போய்ச் சேர்ந்து 'பீயிங்' ஆகிறது. ஏற்கெனவே உள்ள 'இஸ்' அப்படியே நிற்கிறது. 'ரைட்' மூன்றாம் வடிவமான 'ரிட்டன்' ஆகிறது. ஆகவே 'எ லெட்டர் இஸ் பீயிங் ரிட்டன் பை ஹெர்'. கடிதம் ஒன்றாக இல்லாமல் பலவாக இருந்தால், புதிய எழுவாய்க்கு ஏற்ப 'இஸ்' என்பது 'ஆர்' ஆகும். இதே முறையில் 'ஹேஸ் ரிட்டன்' என்பது 'ஹேஸ் பீன் ரிட்டன்' என்றும், 'வில் ரைட்' என்பது 'வில் பீ ரிட்டன்' என்றும் மாறும். பிழை பெரும்பாலும் அந்தப் 'பீயிங்', 'பீன்' ஆகியவற்றை விட்டுவிடுவதால்தான் நேர்கிறது.

வடிவம் மாறாத வினைகளில் மட்டும் காலத்தை எழுவாயைப் பார்த்தே கண்டறிய வேண்டும். 'ஷீ கட் த ரோப்' என்பதில் 'கட்' உடன் 'ஸ்' சேரவில்லை. எனவே அது இறந்தகாலம், விடை 'த ரோப் வாஸ் கட் பை ஹெர்'. எழுவாய் 'தே' என்றிருந்தால் நிகழ்காலமாகவும் கொள்ளலாம். தேர்வில் இப்படிக் கேட்பது நியாயமில்லை என்பது வேறு விஷயம்.

எல்லா வினைகளும் இந்த மாற்றத்துக்கு இடம் கொடுப்பதில்லை. 'அரைவ்', 'ஸ்லீப்' போன்றவற்றுக்குச் செயப்படுபொருளே கிடையாது. உடைமைப் பொருளில் வரும் 'ஹேவ்', ஒத்திருத்தலைக் குறிக்கும் 'ரிசெம்பிள்' ஆகியவற்றுக்குச் செயப்படுபொருள் இருந்தும் அவை செயப்பாட்டுவினையில் வருவதில்லை.

பயிற்சி ஏடுகள் எல்லா விடையிலும் 'பை' சேர்க்கச் சொல்வது எனக்கு உடன்பாடானதன்று. செய்தவர் யார் என்று தெரியாதபோதும், சொல்லத் தேவையில்லாதபோதும் அப்பகுதியை விட்டுவிடுவதே ஆங்கில வழக்கு. நாம் 'வண்டியைத் திருடிவிட்டார்கள்' என்று எழுவாயே இல்லாமல் செய்வினையில் முடித்துவிடுகிற இடத்தில், ஆங்கிலம் 'த பைக் வாஸ் ஸ்டோலன்' என்கிறது. அங்கே 'பை சம்படி' என்று நீட்டுவது வீண்.

இன்னும் இரண்டு நுட்பங்கள் உண்டு. 'தே லாஃப்ட் அட் ஹிம்' என்பதிலுள்ள 'அட்' மாற்றத்துக்குப் பின்னும் விலகாது: 'ஹீ வாஸ் லாஃப்ட் அட்'. 'தே மேட் ஹிம் வெயிட்' என்பதிலோ, செய்வினையில் இல்லாத 'டு' புதிதாக வந்து சேர்ந்து, 'ஹீ வாஸ் மேட் டு வெயிட்' என்றாகிறது.