அடி அசையாமல் இருக்கட்டும், மேலே ஆடட்டும்: ‘வவ் வவ்’ பேஸ் அமைப்பது எப்படி?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: “அண்ணா, வைட்டல்ல ஒரு பேஸ் பண்ணேன். 140 பிபிஎம் பாட்டு. ஃபில்டருக்கு எல்எஃப்ஓ போட்டா வவ் வவ்னு வருது. ஆனா ரெண்டு மூணு நொடியில தாளத்தை வுட்டு ஓடிடுது. ஹெட்போன்ல மிரட்டலா இருக்கு. சிரசு திருவிழாவுக்குக் கட்டற சவுண்ட் சர்வீஸ் பெட்டியில போட்டுப் பாத்தா கீழ சத்தமே இல்ல, அப்பப்ப கும்முனு வந்துட்டுப் போயிடுது. போன்ல போட்டா கொசு மாதிரி கேக்குது. இன்னாண்ணா தப்பு?” கூடவே ப்ராஜெக்ட் ஃபைலையும் அனுப்பியிருந்தார். (புதிதாகப் படிப்பவர்களுக்கு: பேஸ் என்பது பாட்டின் கீழ்த்தொனி, வைட்டல் கணினியில் ஒலி உருவாக்கும் ஒரு சின்த் மென்பொருள், பிபிஎம் நிமிடத்துக்கு எத்தனை தாள அடி என்ற கணக்கு. எல்எஃப்ஓ என்னவென்று கீழே வருகிறது.)

திறந்து பார்த்தேன் தம்பி. இரண்டு ஆசிலேட்டர் (ஒலியைப் பிறப்பிக்கும் பகுதி), இரண்டிலும் ரம்பப் பல் வடிவ சா அலை, ஆளுக்கு ஏழு யூனிசன் (ஒரே சுரத்தின் கொஞ்சம் விலகிய நகல்கள்), எல்லாம் ஒரே டிராக்கில் ஒரே ஃபில்டருக்குள் போகிறது. எல்எஃப்ஓ வேகத்தைக் கையால் திருகி 4.5 ஹெர்ட்ஸில் நிறுத்தியிருக்கிறாய். வாசிக்கும் சுரம் கீழ் டி. உன் புகார் அத்தனைக்கும் காரணம் இதற்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் லேப்டாப்பை மூடி வை. ஒரே சுருதியில் குரலைப் பிடித்துக்கொண்டு ‘ஊ ஆ ஊ ஆ’ என்று வாயைத் திறந்து மூடு. தொண்டை ஒரே சுரத்தைத்தான் தருகிறது. வாய் குவியும்போது மேல் ஒலிகள் அடைபடுகின்றன, விரியும்போது வெளியே வருகின்றன. மோர்சிங் வாசிப்பவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் இதற்கு மேல் விளக்கமே வேண்டாம். இரும்பு நாக்கு ஒரே சுரத்தில் அதிர்கிறது, வித்தையெல்லாம் வாய்க்குள் நடக்கிறது. சின்த்தில் ஆசிலேட்டர்தான் அந்த இரும்பு நாக்கு, மேல் ஒலிகளை வெட்டிக் கீழ் ஒலிகளை விடும் லோபாஸ் ஃபில்டர் வாய், அந்த வாயைச் சீராகத் திறந்து மூடும் கைதான் எல்எஃப்ஓ. நம் பக்கத்தில் உடுக்கைக்காரர் இடுப்புக் கயிற்றை அழுத்தி விடுவாரே, அது வேறு வகை. அங்கே ஆடுவது சுருதி. உனக்கு இப்போது ஆட வேண்டியது நாதத்தின் நிறம் மட்டும்.

எல்எஃப்ஓவும் ஆசிலேட்டர்தான், ஆனால் காதுக்குக் கேட்காத அளவு மெதுவானது. பொதுவாக நொடிக்கு 20 சுற்றுக்குள், அதாவது 20 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். தாளம் ஓடிப்போகும் பிரச்சினை இங்கேதான். 140 பிபிஎம்மில் ஒரு தாள அடி 428.6 மில்லி நொடி. அடிக்கு ஒரு ‘வவ்’ வேண்டுமானால் 2.33 ஹெர்ட்ஸ், அடிக்கு இரண்டு வேண்டுமானால் 4.67. நீ வைத்திருப்பது 4.5. வித்தியாசம் 0.17 ஹெர்ட்ஸ்தானே என்று நினைப்பாய். அந்த வித்தியாசம் மூன்று நொடியில் அரைச் சுற்றாகச் சேர்ந்துவிடும். அதாவது தாளம் விழும் இடத்தில் வாய் திறப்பதற்குப் பதில் மூடிக்கொண்டிருக்கும். நீ சொன்ன ‘ரெண்டு மூணு நொடி’ கணக்கு அச்சாக இதுதான், காது நன்றாக இருக்கிறது உனக்கு.

எனவே ஹெர்ட்ஸைத் தொடாதே. வைட்டலில் எல்எஃப்ஓ வேகத்துக்குப் பக்கத்தில் இருப்பதை அழுத்தினால் நொடி, டெம்போ, டாட்டட், டிரிப்லெட் என்று விரியும். டெம்போ எடுத்து 1/8 வை, அதாவது அடிக்கு இரண்டு. நம் குத்து அடியில் திஸ்ர நடை வருகிற இடங்களில் டிரிப்லெட் எடு. எட்டில் டிரிப்லெட் 140க்குச் சரியாக 7 ஹெர்ட்ஸாக வரும், அடிக்கு மூன்று ‘வவ்’. பேஸும் பம்பையும் கைகோத்துக்கொள்ளும். இன்னொன்று, மோடு டிரிக்கரில் இருந்தால் ஒவ்வொரு சுரம் அழுத்தும்போதும் எல்எஃப்ஓ முதலிலிருந்து தொடங்கும். சிங்க் என்றால் பாட்டின் ஓட்டத்தோடு தொடரும். தாளத்துக்கு முன்பின்னாகச் சுரம் வைக்கிற பழக்கம் இருந்தால் சிங்க், ஒவ்வொரு சுரமும் ஒரே மாதிரி ‘வாய் திறந்து’ தொடங்க வேண்டுமானால் டிரிக்கர். நான் பெரும்பாலும் டிரிக்கர்தான் வைப்பேன்.

ஃபில்டருக்குள் என்ன போகிறது என்பதையும் பார். சிலர் பேஸ்தானே என்று சைன் அலையை எடுத்து அதன் மேல் ஃபில்டரை ஆட்டுவார்கள். சைனில் அடிப்படை அதிர்வு ஒன்றைத் தவிர எதுவும் கிடையாது. வெட்ட ஒன்றுமே இல்லாத இடத்தில் கத்தி எதற்கு? சத்தம் கூடிக் குறையும், ‘வவ்’ வராது. சா அலையில் அடிப்படையின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று எல்லா மேல் அதிர்வுகளும் இருக்கின்றன. ஸ்கொயரில் ஒற்றைப்படை மட்டும், அதனால் கொஞ்சம் குழல் மாதிரி பொள்ளலாகக் கேட்கும். நீ சா எடுத்தது சரி. 24 டெசிபல் லோபாஸ் வை. வெட்டு தொடங்கும் இடமான கட்ஆஃப்பை 120 ஹெர்ட்ஸ் பக்கம் மூடி வைத்து, எல்எஃப்ஓ அதை 2,000 வரை தூக்கட்டும். அந்த வெட்டும் இடத்தை எடுப்பாக்கும் ரெசனன்ஸை கால் பங்குக்கு மேல் ஏற்றாதே. விசில் அடிக்க ஆரம்பித்தால் திருவிழாக் கூட்டத்தில் காது கிழியும். எல்எஃப்ஓ வடிவத்தில் செங்குத்தான முனை இருந்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். ஸ்மூத் குமிழைக் கொஞ்சம் திருப்பினால் அது போய்விடும்.

இனிதான் முக்கியமான சங்கதி.

பாலாற்றைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர் மணலைப் பார்த்துவிட்டு ‘தண்ணி எங்கப்பா?’ என்பார். தண்ணீர் கீழே இருக்கிறது, தோண்டினால் ஊறும். மேலே காற்றில் மணல் எப்படிப் பறந்தாலும் கீழே இருக்கிற ஓட்டம் தன்பாட்டுக்கு இருக்கும். பேஸும் அப்படி இருக்க வேண்டும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறதை ஆட்டக் கூடாது, விரிக்கக் கூடாது, கலைக்கக் கூடாது. ஆட்டமெல்லாம் அதற்கு மேலே. நீ செய்தது இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறியது.

ஏன் என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன். இரண்டு சுருதிப்பெட்டிகளை மயிரிழை வித்தியாசத்தில் வைத்தால் ‘உவ்வ்… உவ்வ்…’ என்று ஒரு அலை வருமே, அதன் வேகம் இரண்டு அதிர்வுகளுக்கும் உள்ள வித்தியாசம்தான். 55 ஹெர்ட்ஸ் ஏ சுரத்தில் ஒரு சாவை 10 சென்ட் மேலே, இன்னொன்றை 10 சென்ட் கீழே வை (சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு). வித்தியாசம் 0.64 ஹெர்ட்ஸ். அப்படியென்றால் சுமார் 1.6 நொடிக்கு ஒருமுறை இரண்டு அடிப்படைகளும் ஒன்றையொன்று தின்றுவிட்டு அடி காலியாகும். உன் பெட்டியில் ‘அப்பப்ப கும்முனு வந்துட்டுப் போறது’ இதுதான். ஆனால் அதே விலகல் பத்தாவது மேல் அதிர்வில் 6.4 ஹெர்ட்ஸாகி, புரளுகிற ஓர் அழகான அசைவாகக் கேட்கும். மேலே அழகு, கீழே ஓட்டை. இந்த விலகிய சா ஒலிக்கு ரீஸ் பேஸ் என்று பெயர். டெட்ராய்ட்டின் கெவின் சாண்டர்சன் 1988-ல் ரீஸ் என்ற பெயரில் வெளியிட்ட ஒரு பாட்டிலிருந்து வந்த பெயர். நீ கேட்கிற ‘வவ் வவ்’ அதற்குப் பின்னால் 2000களில் தெற்கு லண்டன் டப்ஸ்டெப்பில் வளர்ந்தது. அங்கேயும் வழக்கமான வேகம் 140தான்.

இதற்கு வழி இரண்டு டிராக். முதல் டிராக்கில் வெறும் சைன். ஒரே குரல், யூனிசன் இல்லை, இடது வலது என்று பிரியாத மோனோ, எல்எஃப்ஓ இல்லை. ஃபேஸ் ரேண்டம் பூஜ்யம், அப்போதுதான் ஒவ்வொரு சுரமும் ஒரே மாதிரி அடிக்கும். இரண்டாவது டிராக்கில் உன் சா கூட்டம், ஃபில்டர், ஆட்டம் எல்லாம். அதன் மேல் ஒரு ஈக்யூ (ஒலிப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டு 110 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை ஹைபாஸால் வெட்டிவிடு. இரண்டுக்கும் ஒரே மிடி, அதாவது ஒரே சுரக் குறிப்பு. ‘வாய்’ மூடும்போது மேல் டிராக் கிட்டத்தட்ட மறையும், அடி மட்டும் நின்று பிடிக்கும். ஏழு யூனிசனை மூன்றாகக் குறை. தனி டிராக் போட சோம்பலாக இருந்தால் வைட்டலிலேயே மூன்றாவது ஆசிலேட்டரில் சைன் வைத்து டைரக்ட் அவுட்டுக்கு அனுப்பலாம், ஃபில்டரும் எஃபெக்டும் அதைத் தொடாது. நான் தனி டிராக் கட்சி. கிக் டிரம் விழும்போது அடியின் சத்தத்தை மட்டும் சைட்செயினில் தானாக அமுக்க முடிகிறது, அந்த ஒரு வசதியே போதும். அந்த அமுக்கம் விலகும் நேரமான ரிலீஸை 100 மில்லி நொடி பக்கம் வைத்துக் காதால் சரிசெய்.

மோனோ என்று ஏன் அடித்துச் சொல்கிறேன் என்றால், நான் பட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் காட்பாடி பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்கு ஒரு ரீமிக்ஸ் செய்து கொடுத்தேன். ஹெட்போனில் பேஸ் தலையைச் சுற்றிவந்தது. அதில் எனக்கு ஏகப் பெருமை. அங்கே மிக்ஸரிலிருந்து ஒரே வயர்தான் ஆம்புக்குப் போயிற்று. இடதும் வலதும் சேர்ந்ததும் அகலத்துக்காக நான் தலைகீழாகத் திருப்பிவைத்திருந்த பேஸ் காணாமல் போயிற்று. ஆடிக்கொண்டிருந்த பையன்கள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! பெட்டிக்காரர் மேல் தப்பில்லை, முழுத் தப்பும் என்னுடையது. அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டையும் மாஸ்டரில் மோனோ பட்டனை அழுத்தி ஒருமுறை கேட்காமல் கொடுப்பதில்லை.

இனி உன் சுரம். கீழ் டி என்பது 36.7 ஹெர்ட்ஸ். திருவிழாவில் அடுக்குகிற பேஸ் பெட்டிகள் பலவும் 40க்குக் கீழே போனால் காற்றைத்தான் தள்ளும், ஆம்ப் சூடாகும், காதுக்கு ஒன்றும் வராது. எஃப் 43.65, ஜி 49, ஏ 55. இந்த மூன்றுக்குள் உன் ஆதார சுரம் விழுகிற மாதிரி பாட்டையே ஒன்றரை இரண்டு கட்டை தூக்கிவிடு. பாடகர் ஏற்கெனவே பாடிவிட்டார், சுருதியை மாற்ற முடியாது என்றால் அடியை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி 73.4-ல் வாசி. கொஞ்சம் மெலியும், ஆனால் கேட்கும்.

போனில் கொசு மாதிரி கேட்பதற்கு வருகிறேன். அந்தச் சின்ன ஸ்பீக்கர் 55 ஹெர்ட்ஸை எந்தக் காலத்திலும் தராது. ஆனால் மனிதக் காதுக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. 165, 220, 275 என்று மேல் அதிர்வுகள் வரிசையாக வந்தால், அடியில் 55 இருப்பதாக அதுவே இட்டுக்கட்டிக் கேட்டுக்கொள்ளும். அதனால் மேல் டிராக்கில் ஃபில்டருக்குப் பிறகு, அலையைச் சிதைத்து மேல் அதிர்வுகளைக் கூட்டும் டிஸ்டார்ஷன் போடு. ஃபில்டருக்கு முன்னால் போட்டால் ஃபில்டர் அதையும் சேர்த்து வெட்டிவிடும், ‘வவ்’ சுத்தமாக இருக்கும். பின்னால் போட்டால் வாய் மூடியிருக்கும்போதும் கொஞ்சம் உறுமல் மிஞ்சும். போனில் பேஸைக் காட்டிக்கொடுப்பது அந்த மிச்ச உறுமல்தான். ஏற்றிய பிறகு சத்தத்தை முன்பிருந்த அளவுக்கே இறக்கிவிட்டு ஒப்பிட்டுக் கேள். இல்லாவிட்டால் சத்தம் கூடியதையே ‘நல்லா இருக்கு’ என்று காது நம்பிவிடும். எனக்கு இன்னும் அந்த ஏமாற்றம் நடக்கிறது.

நான்கு நிமிடமும் ஒரே ‘வவ் வவ்’ போட்டால் மாவு மில் பக்கத்தில் குடியிருக்கிற மாதிரி ஆகிவிடும். தவில்காரர் ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பி வாசிப்பதில்லையே. முதல் இரண்டு அடிக்கு 1/4, மூன்றாவதில் 1/8, நான்காவதில் டிரிப்லெட், அடுத்த சுற்றுக்குப் போகுமுன் 1/16 ஒரு உருட்டு என்று வேகத்தை மாற்று. எல்எஃப்ஓ வேகத்தையே ஆட்டோமேஷனில், அதாவது பாட்டு ஓடும்போது தானாக மாறும்படி எழுதிவைத்து மாற்றலாம். ஆனால் நீண்ட சுரத்துக்கு நடுவில் மாற்றினால் சில நேரம் குதிக்கும். என் வழி வேறு. 1/4, 1/8, டிரிப்லெட், 1/16 நான்கையும் தனித்தனியாக எட்டு அடிக்கு ஆடியோவாக ரெண்டர் செய்து, துண்டு துண்டாக வெட்டி, வேண்டிய வரிசையில் ஒட்டுவேன். சில துண்டுகளைத் திருப்பிப் போடுவேன். இதில் இன்னொரு லாபம், லேப்டாப்புக்கு ஓய்வு. சித்திரை வெயிலில் நம் ஊரில் விசிறி ‘உய்’ என்று கத்த ஆரம்பித்தாலே சிபியு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஓசை கரகரக்கும். ஆடியோவாக மாற்றி வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. கரண்ட் போனாலும் வேலை ஃபைலில் பத்திரமாக இருக்கும். சைன் அடியை மட்டும் ரெண்டர் செய்யாதே, மிடியாகவே விட்டுவை. கடைசி நாளில் பாடகர் சுருதி மாற்றச் சொன்னால் அதைத்தான் முதலில் தொட வேண்டிவரும்.

‘உறுமுற மாதிரி, பேசுற மாதிரி’ பேஸ் வேண்டும் என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தாய். அது எஃப்எம், அதாவது அதிர்வெண் பண்பேற்ற வேலை. எல்எஃப்ஓவை வேகமாக்கிக்கொண்டே போய், அது காதுக்குக் கேட்கிற வேகத்தில் இன்னொரு ஆசிலேட்டரின் சுருதியை ஆட்டினால் என்ன நடக்குமோ அதுதான். இதைக் கையில் பிடித்த பிறகு தனியாக எழுது, பதில் சொல்கிறேன்.

விழாவுக்கு முன் ஒன்று செய். வயர் இழுத்து ஆம்ப் கட்டி முடித்த மதியத்தில் சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் பத்து நிமிஷம் கேட்டு வாங்கு. முதலில் சைன் அடி டிராக்கை மட்டும் போட்டு, பெட்டிக்கு முன்னாலிருந்து தெருமுனை வரை நடந்து பார். எங்கேயாவது அடி காணாமல் போனால் இடத்தின் குணமா உன் மிக்ஸின் குணமா என்று தெரிய, அதே இடத்தில் நின்றபடி வேறு யாராவது செய்த பாட்டு ஒன்றைப் போட்டுக் கேள். அதிலும் காணாமல் போனால் மிக்ஸை நோண்டாமல் பெட்டியை நாலடி நகர்த்தச் சொல். பிறகு மேல் டிராக்கைச் சேர்த்து, ரெசனன்ஸ் எந்தச் சுரத்தில் குத்துகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போ. ஹெட்போனில் அல்ல, அந்தக் குறிப்பைப் பார்த்துத் திருத்து.