‘மணி ஹெய்ஸ்ட்’ தொடரை விமர்சகர்கள் முதலில் எப்படி வரவேற்றார்கள்?

2017 மே மாதம் ஸ்பெயினின் ஆன்டெனா 3 தொலைக்காட்சியில் தொடங்கிய இந்தக் கொள்ளைக் கதைத் தொடரின் முதல் பகுதியை 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். விமர்சகர்களும் அதன் விறுவிறுப்பை மனமாரப் பாராட்டினர். போகப்போக அங்கே பார்வையாளர் எண்ணிக்கை சரிந்தது. நெட்ஃப்ளிக்ஸ் 15 பகுதிகளை 22 சிறு பகுதிகளாக வெட்டி வெளியிட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது; 2018இல் சிறந்த நாடகத் தொடருக்கான சர்வதேச எம்மி விருதும் கிடைத்தது.

காதல் காட்சிகள் கதையை இழுக்கின்றன, கொள்ளைக் கும்பலைச் சேர்ந்த டோக்கியோ என்ற பெண்ணின் பின்னணிக் குரல் தேவைக்கு மேல் பேசுகிறது என்ற குறைகள் எனக்கும் நியாயமாகவே படுகின்றன. ஆனால், கலைந்த கூந்தலைப் பென்சிலால் முடிந்துகொண்டு தொலைபேசியை எடுக்கும் காவல் ஆய்வாளர் ரகேலும், மறுமுனையில் பேசும் கும்பல் தலைவர் புரொஃபசரும் ஒருவரையொருவர் நிதானமாக எடைபோடும் அந்த உரையாடல்களில், துப்பாக்கிச் சண்டைகளைவிடப் பதற்றம் அதிகம்.