சீர்வரிசையில் ஒரு குதிரை

கேள்வி: வடநாட்டில் மாப்பிள்ளை குதிரை மேல் வருவார். சைபீரியாவில் ஹகாஸ் என்ற இனத்தாரின் கல்யாணத்திலும் குதிரைக்குத்தான் மவுசு என்று படித்தேன். அங்கேயும் ஊர்வலம்தானா? (வாசகி, திருப்பூர்)

பதில்: ஊர்வலம் என்று சொன்னால் விஷயம் ரொம்பச் சின்னதாகிவிடும். தெற்கு சைபீரியாவில் யெனிசெய், அபகான் ஆறுகளை ஒட்டிய புல்வெளிக்காரர்கள் இவர்கள், பேசுவது துருக்கிய மொழிகளில் ஒன்று, 2010 கணக்கெடுப்பில் சுமார் 73 ஆயிரம் பேர். அந்தக் காலத்தில் பெண் கேட்டுப் போகிறவரிலிருந்து விருந்துக்கு வருகிற பாட்டி வரைக்கும் எல்லாருக்கும் குதிரைதான் வண்டி, அதனால் மாப்பிள்ளை குதிரையில் வந்தார் என்பதில் அங்கே ஒரு அதிசயமும் இல்லை.

பெண்ணின் குதிரையைப் பாருங்கள், அதில்தான் சங்கதி இருக்கிறது. ஒரே 'சோக்', அதாவது ஒரே குலத்துக்குள் பெண் எடுக்கக்கூடாது (சோக் என்றால் எலும்பு என்று அர்த்தம், நம் கோத்திரம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்), ஆகவே பெண் பிறந்த இடத்தை விட்டு இன்னொரு குலத்தாரிடம் போய்த்தான் ஆகவேண்டும். மாப்பிள்ளை வீட்டார் 'ஹலிம்' என்று பரிசம் கொடுப்பார்கள், பெரும்பாலும் கால்நடையாக. பெண் வீட்டார் பதிலுக்கு அனுப்பும் சீரின் பெயர் 'இன்சி', சமையலறை இஞ்சி இல்லை. வசதியான வீடென்றால் அந்தச் சீரில் ஏறிப் போக ஒரு குதிரை, சேணம், கடிவாளம் எல்லாம் பூட்டி நிற்கும். வெள்ளி வேலை செய்த சேணம், அதன் கீழே பூத்தையல் போட்ட விரிப்பு. நாம் பெண்ணுக்கு நகை பூட்டி அனுப்புகிறோம், அவர்கள் குதிரைக்கும் பூட்டினார்கள்.

போய் இறங்கியதும், கன்னிப் பெண்ணாக இருந்தபோது போட்டிருந்த பல சின்னப் பின்னல்களைப் பிரித்து இரண்டே பின்னலாகப் போடுவார்கள், அத்தோடு அவள் மனைவி. சம்பந்தம் பேசி நடத்தி வைக்கிற அம்மாள் மார்பில் சிப்பியும் பவளமும் பாசியும் தைத்த 'போகோ' என்ற அரைவட்டப் பதக்கம் இருக்கும், உள்ளங்கையை விடப் பெரியது.

கேள்வி: ராத்திரியில் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவார்களாமே? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: உண்டு. பல நேரம் பெண்ணுக்கும் தெரிந்துதான், பரிசம் கட்டுப்படியாகாதபோது ஓடிப்போவது ஒரு வழி. மாப்பிள்ளையும் தோழர்களும் நல்ல குதிரைகளோடு வருவார்கள், விஷயம் தெரிந்ததும் பெண் வீட்டார் துரத்துவார்கள். அப்புறம் மாப்பிள்ளை வீட்டார் பாலிலிருந்து காய்ச்சிய 'அரகா' என்ற சாராயத்தோடு போய்ச் சமாதானம் பேசவேண்டும். இதைக் கேட்க சினிமா மாதிரி இருக்கிறது, ஆனால் பெண்ணுக்கு இஷ்டமில்லாமல் தூக்கினதும் நடந்திருக்கிறது, அதைப் போய் ரசிக்க முடியாது. 1928-ல் சோவியத் குற்றவியல் சட்டம் பரிசத்தையும் கட்டாயக் கல்யாணத்தையும் இரண்டையுமே குற்றமாக்கியது.

கேள்வி: அப்படியானால் எல்லாக் குதிரையிலும் பெண்கள் ஏறலாமா? (அதே வாசகர்)

பதில்: நல்ல கேள்வி. ஒன்றில் மட்டும் கூடாது. 'இசிக்' என்று ஒரு நேர்ந்துவிட்ட குதிரை இருக்கும், மந்தையையும் வீட்டையும் காக்கிற தெய்வத்துக்கு உரியது. எந்த நிறக் குதிரை என்பது எந்தக் குலம், எந்தத் தெய்வம் என்பதைப் பொறுத்தது. பூசாரி (அவர்களுக்கு ஷாமன்) மணமுள்ள பச்சிலை போட்ட தண்ணீராலும் பாலாலும் அதைக் குளிப்பாட்டி, பிடரியில் நாடா கட்டி மந்தையில் விட்டுவிடுவார். அதை விற்கமாட்டார்கள், வெட்டமாட்டார்கள், எசமான் தவிர வேறு யாரும் ஏறக்கூடாது, பெண்கள் கிட்டவே போகக்கூடாது. சீர்க் குதிரையில் ராணி மாதிரி வந்து இறங்கின மருமகளுக்குப் புகுந்த வீட்டு மந்தையில் இப்படி ஒரு எல்லைக்கோடு. எனக்கு இதுதான் மொத்த விஷயத்திலும் சுவாரசியமானது.

கேள்வி: இப்போதும் குதிரை உண்டா? (வாசகி, வேலூர்)

பதில்: 1930-களில் மந்தைகள் கூட்டுப் பண்ணைகளுக்குப் போயின, சீர்க் குதிரையும் அதோடு சரி. இன்றைக்குக் கல்யாணத்துக்குக் கார்தான். குதிரையைப் பார்க்கவேண்டுமென்றால் கோடையில் 'துன் பைரம்' திருவிழாவுக்குப் போங்கள், பந்தயம் நடக்கும்.