டிக்கோயாவில் கேபிளை நிறுத்தினால் எந்த இணைப்பை எடுப்பது?

வாசகர் கேள்வி: ஹட்டனுக்கு அருகே டிக்கோயாவில், பிரதான வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. தொலைக்காட்சிக்கு நகரத்துக் கேபிள்காரரின் இணைப்பு. தொலைபேசிக்கும் இணையத்துக்கும் பழைய செம்புக் கம்பி. மழை பெய்தால் கேபிள் போய்விடுகிறது, மாலையானால் இணையம் நகர்வதில்லை. மகள் பல்கலைக்கழக வகுப்புகளை இணையத்தில் தொடர்கிறாள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே நிறுவனத்திடம் எடுத்துவிடலாமா? என் தாயாருக்கு எங்கள் 051 எண் மட்டுமே மனப்பாடம். அதை இழக்கவும் மனமில்லை. (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: ஐயா, எந்த நிறுவனம் நல்லது என்ற கேள்விக்கு கொழும்பில் ஒரு பதில் இருக்கலாம். மலையகத்தில் அதற்கு முன்னால், உங்கள் வீட்டு வாசலுக்கு எது வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் பறக்கும் இணைப்பு ஒரு முகடு தாண்டியதும் செத்துக்கிடப்பதை நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். ஆகவே விளம்பரத்தையும் உறவினரின் சிபாரிசையும் ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் வீதிக்கு நடந்துபோய்க் கம்பங்களைப் பாருங்கள்.

எஸ்.எல்.டி. மொபிடெலின் பைபர் கம்பி, அதாவது கண்ணாடி இழைக் கம்பி, உங்கள் வீதிக் கம்பம்வரை வந்திருந்தால் தயங்காமல் அதையே எடுங்கள் என்பது என் கருத்து. உங்கள் இணையம் நகராததற்குத் தூரமும் ஒரு காரணமாக இருக்கலாம். செம்புக் கம்பியில் வரும் ஏ.டி.எஸ்.எல். இணையம் தொலைபேசி நிலையத்துக்கு அருகே நன்றாக ஓடினாலும், மூன்று நான்கு கிலோமீற்றர் போனதும் தேய்ந்துவிடும். மூட்டுகளில் ஈரம் ஏறினால் இன்னும் மோசம். கண்ணாடி இழைக்கு அந்தப் பலவீனம் இல்லை. இருபது கிலோமீற்றர் தூரம்வரை அது குறையின்றிச் செல்லக்கூடியது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி விழும்போது கம்பி வழியாக வந்து கருவிகளைக் கருக்கும் தொல்லையும் பெரிதும் குறைகிறது. அதே நிறுவனத்தின் செம்பு இணைப்பைப் பைபருக்கு மாற்றும்போது பொதுவாகப் பழைய எண்ணே தொடரும்; ஆயினும் விண்ணப்பப் படிவத்தில் "தற்போதைய 051 எண் தொடர வேண்டும்" என்று எழுதி, நகலை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி எண்ணை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உள்ளே தள்ளி இருக்கும் வீடு என்கிறீர்கள். வீதியிலிருந்து கம்பி இழுக்க இடையில் புதிய கம்பம் நட வேண்டுமானால், அதன் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே கேளுங்கள். இடைப்பட்ட நிலம் தோட்டத்துக்குச் சொந்தமானால் நிர்வாகத்தின் அனுமதிக் கடிதமும் தேவைப்படும். லயத்து வீடுகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: தனி முகவரி இல்லாததால், அடையாள அட்டையுடன் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழையும் கையில் வைத்துக்கொண்டு போனால் இரண்டாவது முறை பஸ் ஏற வேண்டியிராது.

பைபர் வரவில்லையென்றால் மிஞ்சுவது, கைப்பேசிக் கோபுரத்தின் அலையிலிருந்து இணையம் தரும் 4ஜி ரௌட்டர்தான். டயலொக், எஸ்.எல்.டி. மொபிடெல், ஹட்ச் ஆகிய மூன்றில் எது என்பதைக் கடைக்காரர் அல்ல, உங்கள் ஜன்னல்தான் தீர்மானிக்க வேண்டும். தகரக் கூரை அலையைத் தடுக்கும். கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கும் முகடு அதைவிட மோசமாகத் தடுக்கும். மழையைக் காட்டிலும் மழையில் நனைந்த யூகலிப்டஸ் இலைகளே அலையை அதிகம் விழுங்கும். கைப்பேசியில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் கோபுரத்தின் அலை எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதைக் காட்டும் ஆர்.எஸ்.ஆர்.பி. என்றொரு எதிர்மறை எண் தெரியும். அது -80ஐ ஒட்டியிருந்தால் மிக நன்று, -100 என்றால் சமாளிக்கலாம், -110க்குக் கீழே போனால் பணத்தை வீணாக்காதீர்கள்.

கொட்டகலையில் என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இணைப்புப் பொருத்த வந்த இளைஞர் ரௌட்டரைக் கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் அழகாக வைத்துவிட்டுப் போய்விட்டார். அங்கே -113. மின்கம்பியை நீட்டிக்கொண்டு அறை அறையாக நகர்த்திப் பார்த்தோம். கடைசியில் சமையலறை ஜன்னல் திட்டில், ஊறுகாய்ப் போத்தலை நகர்த்திவிட்டு வைத்தபோது -97 வந்தது. பதினாறு எண் வித்தியாசம் சிறிதாகத் தோன்றும். ஆனால் இந்த அளவுகோலில் பத்து எண் என்றால் பத்து மடங்கு, ஆகவே பதினாறு என்பது ஏறத்தாழ நாற்பது மடங்கு பலம். இன்றுவரை அந்த ரௌட்டர் ஊறுகாய்க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

வாங்கும் முன்னர், அயலவரிடமோ முகவரிடமோ அதே நிறுவனத்தின் ரௌட்டரை இரவல் வாங்கி, இரவு ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் சோதியுங்கள். காலையில் எல்லா இணைப்பும் நல்ல இணைப்புத்தான். ஊரே வீடு திரும்பி ஒரே கோபுரத்தைப் பகிரும் நேரத்தில்தான் குட்டு வெளிப்படும்.

2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் செய்மதி இணையத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். வேறெதுவும் எட்டாத மேட்டு டிவிஷனுக்கு அது உண்மையில் வரப்பிரசாதம். ஆனால் கருவியின் ஆரம்ப விலையே ஓர் இலட்சம் ரூபாயைத் தாண்டியது. அகன்ற திறந்த வானம் வேண்டும். கடும் மழையில் தடுமாறும். தொலைபேசி எண் எதுவும் கிடைக்காது. வேறு வழி இருக்கும்போது உங்களுக்கு அது அநாவசியம்.

அடுத்தது டேட்டாக் கணக்கு. எச்.டி. தரத்தில் ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறத்தாழ 3 ஜீபி செலவாகும். நாளுக்கு இரண்டு மணி நேரம் பார்த்தால் மாதம் 180 ஜீபி. காணொளி வகுப்புக்கு மணிக்கு 1 ஜீபி என்று வைத்து, நாளுக்கு மூன்று மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 75 ஜீபி. ஆக 255 ஜீபி. இந்தக் கணக்கைப் போடாமல் 100 ஜீபி திட்டத்தை எடுத்துவிட்டு, மாத நடுவில் மேலதிக டேட்டா வாங்குவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. நள்ளிரவுக்குப் பின்னர் மட்டும் பயன்படும் டேட்டாவையும் மொத்தத்தில் சேர்த்துக் காட்டும் திட்டங்கள் உண்டு. அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் விழித்திருப்பவர் யாருமில்லையென்றால் அதைக் கழித்துவிட்டே ஒப்பிடுங்கள். விளம்பரத் தொகைக்கு மேல் 18 சதவீத வற் வரியும் பிற வரிகளும் சேருமா, சேர்த்துத்தான் சொல்கிறார்களா என்பதையும் கேளுங்கள்.

கேபிளை நிறுத்தினால் தொலைக்காட்சிக்கு என்ன செய்வது என்பது எளிது. பைபர் எடுத்தால் அதே நிறுவனத்தின் பியோ டிவி தொலைக்காட்சிச் சேவை அதே கம்பியில் வரும், அதற்கு இணைய டேட்டா குறையாது. இல்லையென்றால் டயலொக் டிஷ். இந்தியாவிலிருந்து கொண்டுவந்து விற்கப்படும் டிஷ் பெட்டிகள் இங்கே அனுமதி பெற்ற சேவையல்ல. நாளைக்கு நின்றுபோனால் முறையிட ஓர் இடமும் இருக்காது.

இனி உங்கள் தாயாரின் தொலைபேசிக்கு வருகிறேன். இதில்தான் ஒரே நிறுவனத்திடம் எல்லாம் என்ற உங்கள் யோசனையுடன் நான் உடன்படவில்லை. பழைய செம்புக் கம்பியில் தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் வருவதால், வீட்டில் கரண்ட் போனாலும் சாதாரணத் தொலைபேசி பேசும். பைபரில் அப்படியில்லை, சுவரில் மாட்டும் பெட்டி அணைந்தால் தொலைபேசியும் அணைந்துவிடும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருளானது நினைவிருக்கும். இதற்கு, கரண்ட் போனாலும் அந்தப் பெட்டியை ஓட்டும் மின்கலக் கருவியான 12 வோல்ற் மினி யூ.பி.எஸ். ஒன்று கட்டாயம். 8800 எம்.ஏ.எச். என்று அட்டையில் போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ற் மின்கலங்களின் கணக்கு. அதாவது சுமார் 32 வோற்மணி. அதை 12 வோல்றாக மாற்றும்போது கொஞ்சம் வீணாவதால், பத்து வோற் இழுக்கும் பெட்டிக்கு அது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே தாங்கும். அரை நாள் ஓடும் என்று கடையில் சொன்னால் புன்னகைத்துவிட்டு நகருங்கள்.

மூன்று மணி நேரம் போதாத நாட்களும் வரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிந்தபோது, பாதையுடன் மின்சாரமும் தொலைபேசியும் சேர்ந்தே போயின. அப்படிப்பட்ட நாளில் ஒரே நிறுவனத்தின் எல்லாச் சேவைகளும் ஒன்றாக விழக்கூடும். ஆகவே இணையம் ஒரு நிறுவனம் என்றால், தாயாரின் கையில் வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட சாதாரண பட்டன் கைப்பேசி இருக்கட்டும். முதல் பட்டனில் உங்கள் எண், அடுத்ததில் 1990 அம்புலன்ஸ். 051 எண் வீட்டில் பைபருடன் தொடரட்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, ரௌட்டர் இனாம் என்றால் எத்தனை மாதம் கட்டுப்பட வேண்டும், இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டையும் எழுத்தில் பெறுங்கள். தகராறு வந்தால் முதலில் நிறுவனத்திடம் முறையிட்டு அதன் இலக்கத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, பலனில்லையென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவை 1900 என்ற எண்ணில் அழைக்கலாம்.

கேபிளை இன்றே நிறுத்திவிடாதீர்கள். புதிய இணைப்பு இரண்டு வாரம், அதிலும் ஒரு நல்ல மழையைப் பார்க்கட்டும். உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழையின் பக்கம் என்பதால், மே மாதத்துக்குப் பிறகு மாற்றினால் அதற்கு அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. பிறகு கேபிள்காரரின் பெட்டியையும் றிமோட்டையும் திருப்பிக் கொடுத்து, நிலுவை இல்லை என்று திகதியுடன் ஒரு பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூரையில் தொங்கும் பழைய வயரையும் அவரையே கழற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.