க்ரூஸரில் இருவர்: பின் சீட்டுக் கேள்விகள்

க்ரூஸர் பைக் (தாழ்ந்த சீட்டில் சாவகாசமாக நெடுந்தூரம் ஓட்டும் வகை) ஒன்று எடுக்கப்போகிறேன். ராயல் என்ஃபீல்டின் மீட்டியர் 350 வாங்குவதா, சூப்பர் மீட்டியர் 650 வாங்குவதா? நானும் மனைவியும் சேர்ந்து 150 கிலோ இருப்போம். அடிக்கடி சென்னையிலிருந்து புதுச்சேரி, எப்போதாவது ஏற்காடு.

உங்கள் ஓட்டத்துக்கு 350 போதும். அதன் சக்தி 20 குதிரைத்திறன்தான். ஆனால் ஈசிஆரில் 80, 85 வேகத்தில் இருவரோடு அலுக்காமல் ஓடும். ஏற்காட்டு வளைவுகளில் கியரைக் குறைத்து ஏறினால் திணறாது. நாற்கரச் சாலையில் 100-ஐத் தாண்டி லாரிகளை முந்த வேண்டுமென்றால்தான் 47 குதிரைத்திறன் தரும் 650 வேண்டும்.

650-ல் யோசிக்க வேண்டிய விஷயம் எடை. வண்டி மட்டும் 241 கிலோ. சரிவான இடத்தில் மனைவி ஏறி உட்காரும்வரை அதைக் காலால் தாங்கிப் பிடித்துப் பாருங்கள், புரியும். தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 135 மி.மீ.தான், மீட்டியர் 350-ல் 170. இரண்டு பேர் ஏறினால் ஸ்பிரிங் இன்னும் அமுங்கும். நம் ஊர் வேகத்தடைகளைச் சொல்லவா வேண்டும்? 2025 செப்டம்பருக்குப் பிறகு 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. அந்த வித்தியாசத்தில் நல்ல ஹெல்மெட் இரண்டு வாங்கி, சீட்டையும் தைத்துக்கொள்ளலாம்.

எதை எடுத்தாலும் டெஸ்ட் ரைடுக்கு மனைவியை அழைத்துப் போங்கள். ஓட்டுகிற ஆள் மட்டும் போய் வண்டியை முடிவு செய்வது எனக்குப் புரியாத வழக்கம்.

அண்ணா, அரை மணி நேரத்திலேயே பின்னால் இருப்பவருக்கு இடுப்பு வலி. பேக்ரெஸ்ட் போட்டால் சரியாகிவிடுமா?

பாதிதான் சரியாகும். முதலில் சீட்டைப் பாருங்கள் தம்பி. பல க்ரூஸர்களில் ஓட்டுபவருக்கு அகலமான சீட்டு, பின்னால் இருப்பவருக்கோ மெல்லிய துண்டு. அது முன்பக்கம் சரிந்திருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் அவர் உங்கள் முதுகில் வந்து இடிப்பார். அப்புறம் தன்னைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருப்பார். வலி பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நல்ல சீட் தைக்கும் கடையில் பின் சீட்டைச் சமமாக்கி, கொஞ்சம் அகலமாக்கி, அடர்த்தியான ஃபோம் வைக்கச் சொல்லுங்கள். கையால் அமுக்கும்போது மெத்தென்று இருக்கும் ஃபோம் பத்து கிலோமீட்டரில் அமுங்கி, அடித்தட்டு குத்த ஆரம்பிக்கும். உயரத்தை ரொம்ப ஏற்றவும் வேண்டாம். காற்று முழுக்க அவர் முகத்தில்தான் அடிக்கும். ஜெல் பேட் பரவாயில்லை, ஆனால் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் சுடும்.

அடுத்து கால். ஃபுட்ரெஸ்ட் உயரமாக இருந்தால் முட்டி மேலே தூக்கி, உடல் எடை முழுவதும் வால் எலும்பில் இறங்கும். தொடை ஓரளவு சீட்டோடு படிந்திருக்க வேண்டும். இவை சரியான பிறகு பேக்ரெஸ்ட் போடுங்கள். அது இடுப்புக்குச் சற்று மேலே முதுகைத் தொட வேண்டும். நான்கு விரல் இடைவெளி விட்டு நின்றால் வெறும் அலங்காரம். அதன் பின்னால் கேரியர் மாட்டிப் பெரிய பையைக் கட்டாதீர்கள். பின் அச்சையும் தாண்டி எடை போனால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும்.

அம்மா சேலையில் ஒரு பக்கமாகத்தான் உட்காருவார். சைடு பேக் மாட்ட, பின்சக்கரத்தை மறைக்கும் சாரி கார்டைக் கழற்றலாமா?

கூடாது. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு, கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட் மூன்றும் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. விதியை விடுங்கள், முந்தானை ஸ்போக்கில் சிக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பையை வலது பக்கம் மட்டும் மாட்டுங்கள், சைலன்சர் சூடு படாமல் தாங்கு கம்பி வைத்து. ஒரு பக்கமாக உட்காருபவருக்கு உயரமான பேக்ரெஸ்ட் இடைஞ்சல். கழற்றி மாட்டும் வகையாக வாங்குங்கள். அம்மா பிடித்துக்கொள்ள உறுதியான கைப்பிடி அதைவிட முக்கியம்.

நான்தான் ஓட்டுவேன், கணவர் பின்னால். அவர் என்னைவிட 25 கிலோ கூடுதல். பள்ளத்தில் பின்பக்கம் முட்டுகிறது, திருப்பத்தில் வண்டி அகலமாகப் போகிறது.

இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம், பின்பக்கம் அளவுக்கு மேல் அமுங்குகிறது. ஷாக் அப்சார்பரின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை, கூட்டுங்கள். மீட்டியர் 350-ல் ஆறு படி இருக்கிறது. கொக்கி ஸ்பேனரால் இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்ப வேண்டும். பின் டயர் காற்றை, இருவர் ஓட்டத்துக்குத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு ஏற்றுங்கள். அப்புறமும் ஹெட்லைட் மேலே பார்த்தால், அதையும் இறக்குங்கள். கடைசிப் படியிலும் முட்டினால் கனமான ஸ்பிரிங் மாற்றுவதுதான் வழி.

பிரேக்கில் ஒரு பழக்கம்: பின் பிரேக்கை மெல்ல ஆரம்பித்து, பிறகு முன் பிரேக்கைக் கூட்டுங்கள். அவர் எடை உங்கள் கைகளில் வந்து விழாது. மெதுவாகத் திரும்பும்போது எட்டிப் பார்க்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள்!

ஜாவா 42 பாபரில் பின் சீட் வைக்கலாமா?

வேண்டாம். அது ஒருவருக்காக வடிவமைத்த வண்டி. ஆர்சியில் இருக்கை எண்ணிக்கையைப் பாருங்கள். அதை மீறிய மாற்றத்துக்கு அபராதமும் உண்டு, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரலாம். அந்தத் தோற்றம்தான் வேண்டுமென்றால் ராயல் என்ஃபீல்டின் ஷாட்கன் 650-ல் பின் சீட்டை மாட்டவும் கழற்றவும் முடியும்.

மூன்று வயதுப் பையனைக் கூட்டிப் போக?

நான்கு வயதுக்குள் என்றால் ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை, அளவான ஹெல்மெட், 40 கி.மீ.க்கு மேல் போகாத வேகம். டேங்க் மேல் உட்கார வைப்பது வேண்டவே வேண்டாம்.