ஜெயிச்சும் ரேட்டிங் ஏறலையே?

கேள்வி: அமெரிக்காவுல யூ.எஸ்.டி.ஏ. (அமெரிக்க டென்னிஸ் சங்கம்) நடத்துற லீக்ல 3.5 லெவல்ல டென்னிஸ் ஆடுறேன். இந்த வருஷம் பாதிக்கு மேல மேட்ச் ஜெயிச்சேன், ஆனா அடுத்த லெவலான 4.0 வரல. ஏன்? இனி எதைப் பழகணும்?

பதில்: உங்க வருத்தம் புரியுதுங்க. என்.டி.ஆர்.பி. ரேட்டிங் (இந்த 3.5, 4.0 லெவலை முடிவு பண்ற யூ.எஸ்.டி.ஏ. கணக்கு) ஜெயிச்சீங்களா தோத்தீங்களான்னு மட்டும் பாக்காது, எதிராளியோட ரேட்டிங்கை வச்சு என்ன ஸ்கோர் வரணும்னு ஒரு கணக்கு இருக்கும், அதைவிட நல்லா ஆடினா ஏறும், மோசமா ஆடினா இறங்கும். உங்களைவிடக் கீழ இருக்கறவங்ககிட்ட 7-6, 7-6னு ஜெயிச்சா ரேட்டிங் இறங்கக்கூட செய்யலாம், பலமான ஆள்கிட்ட 4-6, 5-7னு தோத்தாலும் ஏறலாம். 3.5ங்கறதே 3.01ல இருந்து 3.50 வரைக்கும் உள்ள ஒரு பட்டை, உள்ளுக்குள்ள ரெண்டு தசமம் வரைக்கும் கணக்கு ஓடுது, நமக்கு வருஷக் கடைசில லெவல் மட்டும்தான் தெரியும். யூ.டி.ஆர்.னு இன்னொரு டென்னிஸ் ரேட்டிங் இருக்கு, அதுலயும் அப்படித்தான், கடைசி 12 மாசத்துல அதிகபட்சம் 30 மேட்ச், அதுல எத்தனை கேம் எடுத்தீங்கங்கறதுதான் முக்கியம். அதனால 5-1ல இருக்கும்போது அசால்ட்டா விடாதீங்க, ஒவ்வொரு கேமும் கணக்குதான்.

பழகறதுன்னா, என்னைக் கேட்டா முதல்ல செகண்ட் சர்வ், அதாவது முதல் சர்வ் தப்பினா போடுற ரெண்டாவது சர்வ். இந்த லெவல்ல பாதிப் பேர் அதைப் பயந்து பயந்து தட்டிவிடுறாங்க, எதிராளி அதைத் திருப்பி அடிக்கற ரிட்டர்ன்ல அடி வாங்குறாங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் தனியா ஒரு கூடை பால் எடுத்துட்டுப் போய் ஸ்பின் போட்டு சர்வ் மட்டும் பண்ணுங்க. அப்புறம் பந்தை ஆழமா, எதிர்ப்பக்கம் சர்வீஸ் லைனை (வலைக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவுல இருக்கற கோடு) தாண்டி விழுற மாதிரி பத்து தடவை தொடர்ந்து அடிக்கப் பாருங்க.